பயமுறுத்த ஓர் ஊர் போதுமா? சாலைத் திரில்லர்களில் முத்திரை குத்துதல்: ஓர் எளிய விளக்கம்

காரில் கிளம்பும் ஒரு குடும்பம், பழக்கமில்லாத வட்டாரம், வழியில் பழுதாகும் வண்டி, சிக்னல் இல்லாத கைபேசி, முறைத்துப் பார்க்கும் உள்ளூர்க்காரர்கள். இந்தச் சட்டகத்தில் வந்த படங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் ஏராளம். அவற்றில் பாதிக்கு மேல் ஏமாற்றமாகவே முடிகின்றன. படம் ஏமாற்றியதோடு ஓர் இனத்தையும் கேவலமாகக் காட்டியிருந்தால் பார்த்தவர்களுக்குள் சண்டை மூண்டுவிடும். "சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்த படத்தில் இனம் எங்கே வந்தது?" என்று ஒரு சாரார் கேட்பார்கள். "வில்லன் கறுப்பாக இருக்கிறான், ஆகவே இது இனவெறி" என்று இன்னொரு சாரார் தீர்ப்பு எழுதுவார்கள். இரண்டும் அவசரப் பேச்சு.

ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிறவர்களும் நாம்தான். அதில் வரும் 'முறைத்துப் பார்க்கும் உள்ளூர்க்காரர்' ஆக்கப்படுகிறவர்களும் பல சமயம் நாம்தான்.

இரண்டு புகார்கள், ஒரே கூச்சல்

முதலில் இரண்டு புகார்களையும் பிரித்து வைப்போம். படம் நன்றாக இல்லை என்பது கைத்திறனைப் பற்றிய புகார். கதையை முன்பே ஊகிக்க முடிந்தது, விறுவிறுப்பு இல்லை, முடிவு ஒட்டவில்லை என்பவை இதில் சேரும். படம் ஒரு மக்கள்கூட்டத்தை இழிவாகக் காட்டுகிறது என்பது சித்திரிப்பைப் பற்றிய புகார். ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திறமையாக எடுக்கப்பட்ட இனவெறிப் படத்துக்குச் சரித்திரத்தில் பெரிய உதாரணமே உண்டு. 1915ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தொகுப்பிலும் ஒளிப்பதிவிலும் தன் காலத்தைத் தாண்டி நின்ற படம். அதில் முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் வெள்ளைக்காரர்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் குதிரையேறி வந்து எல்லாரையும் காப்பாற்றியது. எப்போதோ கலைந்துபோயிருந்த அந்தக் கூட்டம் அதே ஆண்டில் மறுபடி முளைத்தது. அதற்கு இந்தப் படம் தந்த உற்சாகமும் ஒரு காரணம். படம் திறமையாக இருந்ததால் தீமை குறையவில்லை, கூடியது.

ஆனால் சாலைத் திரில்லர்களின் கதை வேறு. அங்கே இரண்டு புகார்களும் பெரும்பாலும் ஒரே சோம்பேறித்தனத்திலிருந்து பிறக்கின்றன என்பது என் கட்சி. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டோ கட்டணத்திலிருந்து தொடங்குவோம்

வெளியூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வந்த ஒருவரிடம் ஓர் ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கட்டணம் வாங்கிவிடுகிறார். ஊர் திரும்பியதும் அவர் என்ன சொல்வார்? "ராமேஸ்வரத்துக்காரர்களே இப்படித்தான்." அதே மனிதரிடம் சொந்த ஊர் ஆட்டோக்காரர் கூடுதலாக வாங்கினால், "அந்த ஆள் மோசம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சொந்த ஊரில் அவருக்கு நூறு ஆட்டோக்காரர்களைத் தெரியும். இந்த ஒருவர் விதிவிலக்கு என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ராமேஸ்வரத்தில் அவருக்குத் தெரிந்தவர் இந்த ஒருவர்தான். ஆகவே ஒருவரே ஊராகிவிடுகிறார்.

இதற்குத்தான் ஸ்டீரியோடைப் என்று பெயர். ஒரு கூட்டத்தைச் சேர்ந்த எல்லாருக்கும் ஒரே குணம் என்று முன்கூட்டியே முத்திரை குத்திவிட்டு, அதன் பிறகு ஆளைப் பார்ப்பது. அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்ட்டர் லிப்மன் 1922இல் இந்தக் கருத்தைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். நாம் கண்டபிறகு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டுத்தான் காண்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். முத்திரை குத்துவது கெட்டவர்களின் பழக்கம் மட்டும் இல்லை. அறிமுகமில்லாத இடத்தில் மூளை எடுக்கும் குறுக்குவழி அது, எல்லாரிடமும் இருக்கிறது. ஒருவர் மனத்திலிருக்கும் அந்தக் குறுக்குவழியைத் திரைப்படம் லட்சம் பேருக்கு நகலெடுத்துக் கொடுக்கிறது என்பதில்தான் சிக்கல்.

பயம் எங்கே தயாராகிறது

பார்வையாளர்கள் பெரும்பாலும் தவறவிடுகிற இடம் இது. ஒரு பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதை வைத்து மட்டும் சித்திரிப்பை அளக்கிறோம். "அந்த மீனவர் படத்தில் ஒரு தப்பும் செய்யவில்லையே, அப்புறம் என்ன புகார்?" என்று கேட்கிறோம். பயம் நடிகரின் முகத்தில் தயாராவதில்லை. வெட்டி ஒட்டும் மேசையில் தயாராகிறது.

ஏறக்குறைய 1920 வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு முறை சூப் கிண்ணத்தையும் இன்னொரு முறை சவப்பெட்டியையும் ஒட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும் பிறகு சோகத்தையும் கண்டார்களாம். முகமோ ஒரே முகம். அடுத்தடுத்து வரும் இரு காட்சிகளிலிருந்து பார்வையாளரே அர்த்தத்தை உண்டாக்கிக்கொள்ளும் இந்த வித்தைக்குக் குலெஷோவ் விளைவு என்று பெயர்.

இதை மண்டபம் கடற்கரைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெரியவர். வெயிலில் கருத்த முகம், கண்ணைச் சுருக்கி எதையோ பார்க்கிறார். அடுத்த காட்சியில் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படமெடுக்கும் ஓர் இளம்பெண்ணைக் காட்டுங்கள். பெரியவர் பொல்லாதவராகிவிடுவார். அதற்குப் பதிலாக, கச்சான் காற்றில் கருக்கும் அடிவானத்தைக் காட்டுங்கள். கடலுக்குப் போன மகன் இன்னும் கரை திரும்பாத தகப்பனாகிவிடுவார். அவர் செய்தது ஒன்றேதான்: கண்ணைச் சுருக்கினார்.

இதோடு இன்னும் சில சங்கதிகள் சேரும். வெயில் ஊரைக் காட்டும்போது திரை முழுவதும் மஞ்சள் பூசுவது ஒன்று. மெக்சிகோவையும் தெற்காசியாவையும் காட்டும் ஹாலிவுட் படங்களில் இது கேலிக்குரிய வழக்கமாகவே ஆகிவிட்டது. அடிவயிற்றைக் கலக்கும் பின்னணி இசை இன்னொன்று. எல்லாவற்றிலும் நுட்பமானது மொழி. உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு வசன வரி போடாமல் விட்டுவிடுவார்கள். "சோறு ஆறிப்போகுது, வா" என்று அவர்கள் பேசியிருந்தாலும் மொழி தெரியாத பார்வையாளர் காதில் அது சதித்திட்டமாகத்தான் விழும். கரைவலை இழுக்கும் முப்பது பேர் அம்பா பாடிக்கொண்டு கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடப்பதை அந்தி வெளிச்சத்தில், பாட்டின் பொருள் சொல்லாமல், தாளத்தை மட்டும் கூட்டிக் காட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உழைப்புப் பாட்டு நரபலிச் சடங்காகிவிடும்.

கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது 'மீனவர் 1', 'மீனவர் 2' என்று வரும். காரில் வந்த நாய்க்குப் பெயர் இருந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒருவரைப் பார்த்து எல்லாரையும் முடிவு செய்வது முத்திரை குத்துதல். படத்தில் அதைச் செய்வது பெரும்பாலும் கதாபாத்திரத்தின் செயல் இல்லை. படத்தொகுப்பும் ஒலியும் நிறமும் மொழியும்.

சாலைப் படத்துக்கு இது ஏன் எளிதில் தொற்றுகிறது

சாலைப் படத்தில் கேமரா காருக்குள் உட்கார்ந்திருக்கிறது. யாருடைய கண் வழியாக நாம் கதையைப் பார்க்கிறோமோ அதற்குப் பார்வைக் கோணம் என்று பெயர். இங்கே அது முன்கண்ணாடி அளவுதான். வெளியே இருப்பவர்கள் கடந்துபோகும் காட்சிகள். இரண்டு மணி நேரத்தில் ஆறேழு ஊர். ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. மூன்று நிமிடத்தில் ஒருவரை மனிதராக்குவது கடினம், பூச்சாண்டியாக்குவது சுலபம்.

இந்த வகைக்கு ஒரு மூதாதை உண்டு. பழைய கௌபாய் படங்களில் குதிரை வண்டியில் வெள்ளைக்காரர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அம்பெய்தபடி அமெரிக்கப் பழங்குடியினர் துரத்துவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. குதிரையிலிருந்து விழுந்து சாவதுதான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. நிறம் மட்டுமே இலக்கு என்றும் சொல்ல முடியாது. மலைக்கிராமங்களில் வாழும் ஏழை வெள்ளையர்களையும் ஹாலிவுட் திரில்லர்கள் இப்படித்தான் பல்லில்லாத கொலைகாரர்களாக்கி வைத்திருக்கின்றன.

இனி என் கட்சிக்கு வருகிறேன். திரில்லரில் பயத்தைச் சம்பாதிக்க வேண்டும். சின்னச் சின்னத் தகவல்களைப் பொறுமையாக அடுக்கி, ஒரு சந்தேகத்தை வளர்த்து, சரியான நேரத்தில் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும். பார்வையாளர் ஏற்கெனவே அஞ்சக்கூடிய ஒரு முகத்தை, ஒரு தாடியை, ஒரு தோல்நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த உழைப்பு மிச்சம். பயம் கடனுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த இனத்தைப் பற்றி முன்முடிவு இல்லாத பார்வையாளருக்குப் பயமே வராது; அவருக்கு அங்கே தெரிவது டீ குடிக்கும் ஒரு மனிதர். முன்முடிவு உள்ளவரோ பத்தாவது நிமிடத்திலேயே வில்லனைக் கண்டுபிடித்துவிட்டு மிச்ச நேரம் கொட்டாவி விடுவார். இரண்டு பேருக்கும் படம் சலிக்கிறது. "படம் போர்" என்றவரும் "படம் இழிவுபடுத்துகிறது" என்றவரும் ஒரே ஓட்டையை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில படங்கள் கெட்டிக்காரத்தனமாக இதையே திருப்பிப் போடும். படம் முழுக்கக் கறுத்த ஆள் மேல் சந்தேகத்தை ஏற்றிவிட்டு, கடைசியில் கோட்டு சூட்டு போட்டவர்தான் கொலைகாரர் என்று காட்டும். 'நீங்கள்தான் தப்பாக நினைத்தீர்கள்' என்று நம்மையே கண்டிக்கவும் செய்யும். அந்தக் கறுத்த மனிதருக்குச் சந்தேகத்துக்கு வெளியே ஒரு வீடோ கவலையோ கோபமோ படத்தில் இருந்தால் நான் ஒப்புக்கொள்வேன். இல்லையென்றால் அவர் வெறும் தூண்டில் புழு.

சாலை யாருக்கு ஆபத்தாக இருந்தது?

அமெரிக்கப் படங்களைப் பற்றிய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நம்மில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் இருந்தார். அவர் 1936இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிடத் தொடங்கினார். கறுப்பினத்தவருக்கு எந்த ஊரில் எந்த விடுதி அறை தரும், எந்த உணவகம் சாப்பாடு போடும், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்ற பட்டியல்தான் அந்தப் புத்தகம். 'கிரீன் புக்' என்று அழைக்கப்பட்ட அது முப்பது ஆண்டுகள் வெளிவந்தது.

அப்படி ஒரு புத்தகம் எதற்குத் தேவைப்பட்டது? பல ஊர்களில் கறுப்பினத்தவர் சூரியன் மறைவதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது எழுதப்பட்டும் எழுதப்படாமலும் விதியாக இருந்தது. காரில் பணமும் பெட்ரோலும் இருந்தும் இரவில் தங்க இடமில்லாமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டிய நிலை. விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப் பாகுபாடு கூடாது என்று 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடை போட்ட பிறகு சில ஆண்டுகளில் அந்தப் புத்தகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

ஆக, அந்த நாட்டின் சாலைகளில் பொழுது சாய்ந்தபின் நடுங்கியது யார், நடுங்க வைத்தது யார் என்பதற்குச் சரித்திரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. வெள்ளைக் குடும்பம் ஒன்று வழியில் கண்ட கறுத்த முகங்களைப் பார்த்து நடுங்கும் படம் அந்தப் பதிலைத் தலைகீழாக்குகிறது. விஷயம் தெரிந்த பார்வையாளர் "வெறும் சினிமாதானே" என்று எழுந்துபோக முடியாததன் காரணம் இது. நம் நெடுஞ்சாலை டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த கதையை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தண்ணியில்லாக் காடு

நம் ஊருக்கு வருவோம். "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால் அது எந்த மாவட்டம் என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. திரையில் நம் மாவட்டத்துக்கு ஒரு நிரந்தரச் சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள்: பரமக்குடி தாண்டியதும் இருபுறமும் சீமைக் கருவேலம், புழுதி, ஓர் அரிவாள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பரப்பிய மரத்தை நம் குணத்துக்கே அடையாளமாக்கிவிட்டதுதான் வேடிக்கை.

அதே மாவட்டத்தில்தான் 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும் இந்தக் கரிசலில்தான் விளைகிறது. தண்ணீர்ப் பஞ்சம் பொய் என்று சொல்லவில்லை. பஞ்சம் ஓர் ஊரின் நிலைமை. திரை அதை ஊர்க்காரர்களின் சுபாவமாக மாற்றுகிறது.

அரிவாளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளையர் ஆட்சி 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. தென்மாவட்டங்களில் இதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். ஒருவன் திருடினானா இல்லையா என்று பார்க்காமல், எந்தச் சாதியில் பிறந்தான் என்று பார்த்து ரேகை எடுத்த சட்டம். 1947இல் இந்த மாகாணத்தில் அது ஒழிந்தது. சட்டம் போன பிறகும் அது குத்திய முத்திரை சினிமாவில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளியைத் திருட்டுக் கும்பல்காரனாகக் காட்டும் தமிழ்ப் படத்தில் நம் கை தட்டுகிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது தொழிலாளர்கள் பதறிப்போனார்கள். அங்கே முத்திரை குத்தப்பட்டவர்கள் நாம். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் மாறுகிறது.

"நடப்பதைத்தானே காட்டினார்கள்?"

இது வலுவான வாதம். தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தக் கரையில் கடத்தல் நடக்கிறது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கத் தடையுள்ள கடலட்டை பதப்படுத்தப்பட்டு மூட்டை மூட்டையாகச் சிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. அதை வைத்து ஒரு திரில்லர் எடுத்தால் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. திரையில் அபூர்வமாக மட்டுமே தலைகாட்டும் ஒரு மக்கள்கூட்டத்திலிருந்து ஒருவர் வந்தால், அந்த ஒருவர் மேல் மொத்தக் கூட்டத்தின் பாரமும் ஏறிவிடும். இதைப் பிரதிநிதித்துவச் சுமை என்பார்கள். சென்னைக்காரர் ஒரு படத்தில் கொலைகாரராக வந்தால் மற்ற நூறு படங்களில் மருத்துவராகவும் காதலராகவும் கிரிக்கெட் பைத்தியமாகவும் வருவார், கணக்குத் தீர்ந்துவிடும். கீழக்கரை முஸ்லிம் வியாபாரி திரைக்கு வருவதே எப்போதாவதுதான். வரும்போதும் படகில் தங்கம் கடத்துகிறவராக வந்தால்? 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற வள்ளலின் ஊர் அது என்பது பார்வையாளருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கேட்க வேண்டியது "இது நடக்கிறதா?" என்பதோடு "இது மட்டும்தான் நடக்கிறதா?" என்பதும்தான்.

வில்லன் அந்த இனத்தவராக இருக்கவே கூடாதா?

இருக்கலாம். தாராளமாக. வில்லனின் சாதி, மதம், நிறம் ஆகியவற்றை மட்டும் வைத்துப் படத்துக்குத் தண்டனை கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கணக்கில் போனால் எல்லா வில்லனும் வேற்றுக்கிரகத்திலிருந்துதான் வர வேண்டும்.

பாம்பனில் விடுதி நடத்தும் ஒருவர் கொலைகாரர் என்று வையுங்கள். விசாரிக்கும் காவல் ஆய்வாளர் தொண்டியிலிருந்து வந்தவர். வண்டியைச் சரிசெய்யும் மெக்கானிக் உச்சிப்புளிக்காரர், வாயாடி. செத்துப்போனவரும் உள்ளூர்க்காரர், அவருக்காக அழும் அக்காவும் உண்டு. இப்போது விடுதிக்காரரின் கொடுமை அவருடையதாகிறது, ஊருடையதாக இல்லை. அவர் ஏன் கொன்றார் என்பதற்குக் கதை ஒரு காரணம் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் வருகிறது. 'இவர்கள் இப்படித்தான்' என்பது காரணம் ஆகாது. பேருக்கு ஒரு நல்லவரைச் சேர்ப்பது வேறு; காரில் வந்தவர்களுக்கு வழி சொல்லிவிட்டு இடைவேளைக்கு முன் செத்துப்போகும் அந்தப் பாவப்பட்ட உள்ளூர் நண்பர் எதையும் சரிசெய்வதில்லை.

சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். படத்தின் பயத்திலிருந்து அந்த மக்களின் தோற்றத்தையும் மொழியையும் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கதையில் பயம் இருக்கிறதா? இருந்தால் அது திரில்லர். இல்லையென்றால் இரண்டு புகார்களும் செல்லும்.

சான்றிதழ் இருக்கிறதே?

இனம், மதம், பிற குழுக்கள் ஆகியவற்றை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இருக்கக் கூடாது என்று மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. வெளிப்படையான வசை ஒன்றை அந்த நெறிகளால் வெட்ட முடியும். கண்ணைச் சுருக்கும் பெரியவருக்கு அடுத்து எந்தக் காட்சியை ஒட்டுவது என்பதை எந்த வாரியமும் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அது பார்வையாளரும் விமர்சகரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். தடை கேட்டுத் தெருவில் இறங்குவதைவிட, எந்தக் காட்சியில் எந்த வெட்டு என்ன செய்தது என்று எழுதுவது அடுத்த இயக்குநருக்கு உறைக்கும்.

இந்தக் கரையில் பயப்பட விஷயமா இல்லை?

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கரையில் பயத்துக்குப் பஞ்சமே கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை ஊரோடு வாரிக்கொண்டுபோனது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் கடலில் போயிற்று. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். இருபுறமும் கடல், நடுவே ஒற்றைச் சாலை, மாலையானால் சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகும் அங்கே ஒரு கார் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கடலில் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு ஓடுகிறது. தண்ணீரில் கோடு கண்ணுக்குத் தெரியாது. இரவில் மீனைத் துரத்திக்கொண்டு போன படகு அதைத் தாண்டிவிட்டால் ஆளும் படகும் இலங்கைக் கடற்படையிடம்.

அந்தப் படகில் இருப்பவர் அதே பெரியவரின் மகனாக இருக்கட்டும். காரில் வந்த பெண்ணிடம் இருக்கும் ஒரே கைபேசிக்கு அப்போதுதான் சிக்னல் கிடைக்கட்டும். முதல் இருபது நிமிடம் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகித்தால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை.